சர்வோ முனகினால் கவனியுங்கள்

நம் பிள்ளைகள் பார்க்கிங்கில் ஓட்டும் ரிமோட் கார்களைப் பற்றி இரண்டு நிமிடம். சாதாரண பொம்மை கார் அல்ல. டிரான்ஸ்மிட்டரில் அளவு மாற்றக்கூடிய ஹாபி கார்.

முன்சக்கரத்தைத் திருப்புவது சர்வோ. சக்கரம் முட்டி நின்ற பிறகும் 'இன்னும் திரும்பு' என்று டிரான்ஸ்மிட்டர் சொன்னால், அது முனகிக்கொண்டே தள்ளும். கரண்ட் ஏறும், சூடாகும், உள்ளே பல்சக்கரம் உடையும். அதைவிட மோசம், ரிசீவருக்கு வோல்டேஜ் குறைந்து வண்டி நம் பேச்சைக் கேட்காமல் போகலாம். பெரியவர்கள் நடக்கிற இடம் அது.

ஆகவே ஒரு டப்பா மேல் காரை வைத்து, சக்கரங்கள் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சப்-ட்ரிம்மில் சக்கரத்தை நேராக்குங்கள். பிறகு 'எண்ட் பாயிண்ட்' அளவை 50 சதவீதத்துக்கு இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பிடித்தபடியே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சக்கரம் முட்டியதும் இரண்டு மூன்று புள்ளி குறைத்தால் முனகல் நிற்கும். இடம், வலம் இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஒரு பக்கம் 85, மறுபக்கம் 92 என்று வரலாம். இது பேங்க் கணக்கல்ல, டேலி ஆகவேண்டியதில்லை!

சர்வோவையோ அதன் கையையோ மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செட் செய்யுங்கள். பழைய அளவு அதற்குப் பொருந்தாது.