தச்சன் கையும் புத்தகமும்

(திமிரியில் நடைபெற்ற படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தச்சர்களைப் பற்றியும் தச்சு வேலையைப் பற்றியும் வந்துள்ள புத்தகங்களைக் குறித்து இன்று பேசுகிறோம். தோல் ஷாப்பிலும் மில்லிலும் கழனியிலும் பாடுபடும் நமக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்மைச் சுற்றி ஒரு முறை பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன் உழுத கலப்பை யார் செய்தது? நெல் ஏற்றிய வண்டி யார் செய்தது? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைப் போட்டு உருட்டும் மர டிரம்மைப் பலகை பலகையாக இழைத்துச் சேர்த்தது யார் கை? நெசவாளியின் தறியும் அந்தக் கை செய்ததுதான். தோலுக்குக் கணக்கு உண்டு, நெல்லுக்குக் கணக்கு உண்டு. டிரம் செய்தவன் பெயரோ எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே, அவன் பெயர் வேறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடுவது நம்முடைய வேலையாகிறது.

பழம்புலவர் கண்ட தச்சன்

முதலில் நம் சங்கப் பாட்டைப் பார்ப்போம். தகடூர் அதியமானைப் பாடிய அவ்வையார், புறநானூற்றின் 87ஆம் பாட்டில் அவன் வீரத்துக்கு உவமை தேடுகிறார். சிங்கத்தையோ புலியையோ அங்கே அவர் சொல்லவில்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் வீரன் என்கிறார். குடம் கடைந்து, ஆரக்கால் செதுக்கி, வட்டை பூட்டியவனுக்குத்தான் இந்த உவமையின் முழு அருமையும் விளங்கும். பொருளுக்குள் அடங்கிக் கிடப்பது மனிதனின் உழைப்பு நேரம் என்று மார்க்ஸ் விளக்கினார். ஒரு மாத உழைப்பு ஒரு சக்கரத்துக்குள் இருப்பதை அவ்வையாரும் கண்டுகொண்டார்.

206ஆம் பாட்டு இன்னும் சுவையானது. பரிசில் தராமல் அதியமான் காலம் தாழ்த்துகிறான். வாயில் காப்போனைப் பார்த்து அவ்வையார் சொல்வதன் கருத்து இதுதான்: கோடரி ஏந்திக் காட்டுக்குள் போகும் தச்சன் வீட்டுக் கைதேர்ந்த பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காத காடு உண்டா? கலை கற்ற எங்களுக்கும் அப்படியே. எந்தத் திசை போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு! அரண்மனை வாசலில் நின்று பேசிய தன்மானப் பேச்சு இது. ஆனால் இன்று அந்தக் காடு யாருடையது? மரம் டிப்போ முதலாளியிடம் இருக்கிறது. மின்சார ரம்பம் கடனில் இருக்கிறது. செய்த கட்டிலைக் கடைக்காரன் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கை தேர்ந்திருந்தால் மட்டும் போதாது. கைகள் சேர்ந்திருக்கவும் வேண்டும் என்பதே இக்காலத்துப் பாடம்.

நம் தொண்டை நாட்டுக்கே உரிய சாட்சியும் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பொம்மைத் தேர் வருகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி அழகாகச் செய்த தேர் அது. அதை உருட்டி விளையாடிக் களைத்துப் பால் குடித்துத் தூங்குவதோ செவிலித்தாய் வைத்திருக்கும் வளமான வீட்டுப் பிள்ளை. புலவர் அழகைத்தான் பாடினார். நாம் அதற்குள் இன்னொன்றையும் படிக்கிறோம்: தேர் செய்வது ஒரு வீடு, தேர் உருட்டுவது வேறு வீடு!

மணிமேகலையோ, புகார் நகரத்து மண்டபத்தை யவனத் தச்சரும் மகத நாட்டு வினைஞரும் தமிழ்நாட்டுத் தொழிலாளரோடு கூடிக் கட்டினர் என்கிறது. உழைப்பவர் ஒன்றுசேர மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

கடல் கடந்த கதைகள்

இங்கிலாந்தில் ஜார்ஜ் எலியட் என்ற பெண் எழுத்தாளர் 1859இல் 'ஆதம் பீட்' என்ற நாவலை வெளியிட்டார். கதாநாயகன் ஒரு தச்சன். எழுத்தாளரின் தந்தையும் தச்சராக இருந்தவரே. கதைத் தொடக்கத்தில் மணி ஆறு அடித்ததும் பட்டறையில் மற்றவர்கள் கருவியைக் கீழே போட்டுவிடுகிறார்கள். வேலையில் அன்பில்லையா என்று ஆதம் கடிந்துகொள்கிறான். வேலையில் அன்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மணிக்குமேல் செய்த வேலையின் பலன் யாருக்குப் போகிறது? அந்தக் கேள்வியை நாம் கேட்கவேண்டும்.

அதைக் கேட்டவர் ராபர்ட் டிரெஸ்ஸல். வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தவர்; 1911இல் இறந்தார். 'கந்தல் கால்சட்டைக் கொடையாளிகள்' என்று பொருள்படும் அவருடைய நாவல் 1914இல் வெட்டிச் சுருக்கப்பட்டு வந்தது. முழுவதும் வெளிவர 1955 ஆயிற்று. அதில் வர்ணக்காரரும் தச்சரும் ஒரு முதலாளியிடம் கூலி வேலை செய்கிறார்கள். வேலையை நன்றாகச் செய்ய நினைப்பவனை மேஸ்திரி விரட்டுகிறான். அரைகுறையாக முடித்தாலும் சீக்கிரம் முடி என்கிறான். தொழிலாளிக்கு வேலையில் அன்பில்லை என்று பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிக்கவேண்டும். அன்பைக் கொல்வது லாப வேட்டை!

குழந்தைகளுக்கும் நல்ல கதைகள் உண்டு. இத்தாலியின் கொலோடி எழுதி 1883இல் நூலாக வந்த 'பினோக்கியோ'வில், பேசும் மரக்கட்டை முதலில் ஒரு தச்சன் கையில்தான் அகப்படுகிறது. பிறகு ஜெப்பெட்டோ என்ற ஏழை அதைப் பொம்மையாகச் செதுக்குகிறான். பொம்மைப் பிள்ளை பள்ளிக்குப் போகப் பாடப் புத்தகம் வேண்டும். குளிர்காலத்தில் தன் மேல்சட்டையை விற்றுப் புத்தகம் வாங்கி வருகிறான் அந்தக் கிழவன்! ஜூன் மாதத்தில் அடகுக் கடை வாசலில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

சோவியத் நாட்டில் மார்ஷாக் என்ற கவிஞர் 1927இல் சிறுவர்களுக்காக இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, இழைப்புளி எப்படி இழைப்புளியைச் செய்தது என்பது. கருவியைச் செய்வதும் கருவியே, அதை இயக்குவது மனிதன் கை என்று சின்னக் குழந்தைக்கும் அது புரியவைக்கிறது. மற்றொன்றில், கற்றுக்கொள்ளாமலே பெரிய தச்சன் என்று பீற்றிக்கொள்ளும் பையன் எடுத்ததையெல்லாம் உடைக்கிறான், மிஞ்சுவது விறகுதான். வாய்ச்சவடால் அடிக்கும் பெரியவர்களுக்கும் அது பொருந்தும்!

குலக்கல்வி அல்ல நாம் கேட்பது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த ராஜாஜி, பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து நின்றனர். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு உட்பட 18 தொழில்கள் அதில் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எதிர்ப்புக்குள்ளாயிற்று. அந்த வடிவில் நிறைவேற்ற மாட்டோம் என்று 2024இல் தமிழக அரசு சொல்லிவிட்டு, 2025இல் குலத்தைப் பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

குழந்தைக்குத் தச்சுப் புத்தகம் கொடு என்று நாம் கேட்பது குலத்தொழிலுக்கு அவனைக் கட்டிப்போட அல்ல. பிறப்பால் அடைபட்ட தொழில் புத்தகத்தில் ஏறிவிட்டால் யாரும் கற்கலாம். விவசாயக் கூலியின் மகள் மூலைமட்டம் பிடிக்கலாம். தச்சன் மகன் என்ஜினியர் ஆகலாம். புத்தகம் திறக்கும் கதவைச் சாதியால் மூடமுடியாது.

கைத்தொழில் செய்தவன் பேனா பிடிக்கமாட்டான் என்பதும் பொய். 'பெண்ணும் சோஷலிசமும்' என்ற நூலை 1879இல் எழுதிய ஜெர்மனியின் பெபல், கடைசல் தொழிலாளி. தாமாகவே சிந்தித்து இயக்கவியல் பொருள்முதல்வாதத்தைக் கண்டடைந்தவர் என்று ஏங்கெல்ஸ் பாராட்டிய டீட்ஸ்கன், தோல் பதனிட்டவர்! நம் தொழில்தான், தோழர்களே! நம் நாட்டிலும் தோல் தொழிலாளர் வாழ்வை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. அப்படி எல்லோர் வாயிலும் அடிபடும் தச்சன் நாவல் ஒன்றும் வரவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

ஆகவே இரண்டு காரியங்கள். முதலாவது: 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது நம் காசு. நூலகத்துக்குக் கூட்டமாகப் போய், தொழில்களைப் பற்றிய நூல்களையும் குழந்தைக் கதைகளையும் வாங்கி வை என்று எழுதிக் கொடுப்போம்.

இரண்டாவது: நம் ஊர் முதிய தச்சர்களிடம் பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புவோம். வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, துரப்பணம், முழக்கோல் ஆகியவற்றின் பெயரையும் பயனையும் அவர்கள் பட்ட கூலியையும் எழுதி வரட்டும். மர வண்டி ஓய்ந்துவிட்டது, டிராக்டர் வந்துவிட்டது. அந்தக் கிழவர்களோடு சொற்களும் போய்விட்டால், நாம் எந்தக் கடையிலும் அவற்றை வாங்க முடியாது.

உழைத்தவன் வரலாற்றை உழைத்தவன் எழுதட்டும்!