கிளட்ச் பிடிக்கிற இடம்



குழுக் கடனில் வாங்கிய பழைய ஆம்னி வேனில்தான் நம்ம ஊறுகாயும் மசாலாப் பொடியும் சந்தைக்குப் போகுது. ஓட்டுறது நான். வண்டி வாங்கின கதையைப் பேசச் சொன்னாங்க. அதைவிட கிளட்சைப் பற்றிப் பேசினா வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் பிரயோஜனம்னு தோணுச்சு.

மேட்டுல வண்டி திணறினா, "பிளேட் போச்சும்மா, மாத்தணும்"னு சொல்லிடுவாங்க. அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும். அந்தச் செலவு நம்மள்ல பல பேருக்கு ஒரு மாசத் தவணை. தலையாட்டுறதுக்கு முன்னாடி பெடலைப் பாருங்க.

எஞ்சினை அணைச்சிட்டு பெடலைக் கையால அழுத்துங்க. முதல்ல கொஞ்ச தூரம் லேசா இறங்கும், அப்புறம் கனக்கும். அந்த லேசான தூரத்துக்குத்தான் ஃப்ரீ பிளேன்னு பேரு. கேபிள் கிளட்ச் வண்டியில சுமார் 2 சென்டிமீட்டர் இருக்கும். சரியான கணக்கு வண்டியோட புத்தகத்துல இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைஞ்சு, கிளட்ச் பிடிக்கிற இடம் மேலே ஏறும். இடைவெளியே இல்லன்னா, நாம காலை எடுத்த பிறகும் கிளட்ச் கொஞ்சம் அழுத்தினபடியே நிக்கும். பிளேட் வழுக்கும், சூடாகும், கருகின வாடை வரும். நல்ல பிளேட்டும் இப்படித்தான் வீணாகுது. கேபிள் நீண்டு போனா நேர்மாறு: பெடல் தரையைத் தொட்டாத்தான் கியர் விழும், ரிவர்ஸ் கரகரக்கும்.

ரெண்டுக்கும் மருந்து, கேபிள் நுனியில கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஒரு நட்டு. முறுக்கினா இடைவெளி குறையும், தளர்த்தினா கூடும். ஒரு சுத்து திருப்பிட்டு பெடலை அழுத்திப் பார்க்கணும். சக்கரத்துக்குக் கல்லு வைக்காம வண்டிக்கு அடியில போகாதீங்க. கால் எட்டலைன்னு சிலர் இந்த நட்டைத் திருகச் சொல்றாங்க, அது தப்பு. சீட்டைத்தான் முன்னாடி தள்ளணும்.

அப்புறமும் சந்தேகமா? ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, நாலாவது கியர்ல வச்சு, கிளட்சை மெல்ல விடுங்க. எஞ்சின் உடனே நின்னா பிளேட் பிடிக்குது. நிக்காம ஓடினா பிளேட் தேஞ்சதுதான். மெக்கானிக் சொல்றது நியாயம், மாத்திடுங்க.

புது வண்டிகள் பலதுல கேபிள் கிடையாது, ஆயில்தான். அதுல ஆயில் குறைஞ்சிருக்கா, கசியுதான்னு மட்டும் பார்த்துட்டு மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டி மண்டபத்துக்குப் பின்னாடி நிக்கும். ஸ்பேனர் இருக்கு. பட்டுச்சேலைக்காரங்க நின்னு பாருங்க, பழைய சேலைக்காரங்க அடியில வாங்க.