சிறை வாசலும் பந்துத் திடலும்



வேலை முடிந்து மாலையில் திடலில் காற்பந்தாட்டம் தொடங்கிவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பசிகூடத் தெரியாது. இங்கிலாந்து நாட்டு ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்க இரவு வெகுநேரம் கண் விழிப்பவர்களும் நம் வீடுகளில் உண்டு. நன்றாகக் கோல் போடுகிறவர் அவர்களுக்கு வீரர். அவருடைய சட்டை எண்ணைத் தாங்களும் போட்டுக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரர் ஒரு பெண்ணுக்குக் கொடுமை செய்தார் என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போகிறார். தண்டனை முடிந்து வெளியே வருகிறார். அவரை மறுபடியும் ஆடவிடலாமா? 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தை இரு கூறாக்கிய கேள்வி இது. அதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

அந்த ஆட்டக்காரரின் பெயர் செட் எவன்ஸ். வேல்ஸ் நாட்டுக்காரர். ஷெஃபீல்டு யுனைடெட் குழுவில் ஆடியவர். 2011 மே மாதம் ஒரு தங்கும் விடுதியில் நடந்த சம்பவம் தொடர்பாக அவர்மீது பாலியல் வன்முறை வழக்கு வந்தது. பெண்ணுக்கு வயது 19. அவர் இசைந்தார் என்பது எவன்ஸின் வாதம். இசைவு சொல்லும் நிலையிலேயே அவர் இல்லை, அவ்வளவு போதையில் இருந்தார் என்பது அரசுத் தரப்பின் வாதம். நடந்தது எதுவும் தன் நினைவில் இல்லை என்றே அந்தப் பெண் சொன்னார். 2012 ஏப்ரலில் நீதிமன்றம் எவன்ஸுக்கு ஐந்து ஆண்டுத் தண்டனை விதித்தது.

நேயர்களே, கதையின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கார்டிஃப் நகரில் நடந்த விசாரணையில் ஜூரிகள் அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளித்தார்கள். ஆகவே இன்று அவரைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வருமுன் எழுந்த விவாதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

தண்டனையில் பாதிக் காலம் சிறையில் இருந்த எவன்ஸ், 2014 அக்டோபரில் வெளியே வந்தார். மீதிக் காலம் அதிகாரிகளின் கண்காணிப்பில். நவம்பரில் பழைய குழு அவரைப் பயிற்சிக்கு வர அனுமதித்தது. உடனே புயல் கிளம்பியது. அவரைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெசிகா என்னிஸ் ஹில் அதே ஊர்க்காரர். அந்தத் திடலில் ஒரு பார்வையாளர் கூடத்துக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். எவன்ஸை மறுபடியும் ஆட எடுத்தால் தம் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார் அவர். சில நாளிலேயே குழு பின்வாங்கியது. 2015 ஜனவரியில் ஓல்டாம் என்ற குழு அவரை எடுக்க முயன்றபோது, பண உதவி செய்யும் நிறுவனங்கள் விலகின. குழுவின் ஊழியர்களுக்கு மிரட்டலும் வந்தது. அந்த முயற்சியும் கைவிடப்பட்டது.

ஒரு சாரார் சொன்னார்கள்: "சட்டம் கொடுத்த தண்டனையை அவர் அனுபவித்துவிட்டார். வேலை செய்து பிழைக்கும் வழியையும் அடைத்தால் அது இரண்டாவது தண்டனை அல்லவா?" மறு சாரார் சொன்னார்கள்: "பிழைக்கட்டும், ஆனால் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் நிற்கலாமா? தவற்றை ஒப்புக்கொள்ளாதவர் திருந்தினார் என்று எப்படிச் சொல்வது?" எவன்ஸோ தான் குற்றமற்றவர் என்று வழக்காடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் எதை ஒப்புக்கொள்வார்?

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் தோட்டத்தை வைத்தே யோசிப்போம். சிறைக்குப் போன ஒருவர் திரும்பி வருகிறார். அவருக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலைகூடக் கொடுக்கக் கூடாது என்றால், அவரும் அவர் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? வேலையற்றவர் மறுபடியும் தவறான வழிக்குத்தான் தள்ளப்படுவார். ஆனால் பெண்ணுக்குக் கொடுமை செய்தவர் என்று தீர்ப்பான ஒருவரை, பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராகவோ, இளைஞர் மன்றத் தலைவராகவோ உடனே வைப்போமா? வைக்க மாட்டோம். கூலி உழைப்புக்குக் கிடைப்பது. மரியாதை நம்பிக்கைக்குக் கிடைப்பது. முன்னதை மறுப்பது கொடுமை. பின்னதை அவர் நாளடைவில் சம்பாதிக்க வேண்டும். காற்பந்து வீரரின் சங்கடம் என்னவென்றால், அவருக்குக் கூலியும் புகழும் ஒரே சட்டையில் வருகின்றன.

இந்த இரைச்சலில் எல்லோரும் மறந்த ஒருவர் உண்டு. அவர்தான் அந்தப் பெண். இத்தகைய வழக்கில் புகார் சொல்லும் பெண்ணின் பெயரை வெளியிடுவது இங்கிலாந்தில் குற்றம். அவர் வாழ்நாள் முழுதும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அப்படியிருந்தும் சிலர் இணையத்தில் பெயரைப் பரப்பினார்கள், கேவலமாக ஏசினார்கள். ஒன்பது பேர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அவருக்கு 624 பவுன் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2012 நவம்பரில் உத்தரவாயிற்று. ஆனால் பரவிய பெயரைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இன்று அந்த ஊர் வாய் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது.

எவன்ஸ் விடுதலையானதால் அந்தப் பெண் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. தமக்கு நினைவில்லை என்றுதானே அவர் சொன்னார்! குற்றம் ஐயமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்பதே விடுதலையின் பொருள். அவரை ஏசியவர்களும் தவறினார்கள். எவன்ஸின் பெயரால் மிரட்டல் விடுத்தவர்களும் தவறினார்கள். நீதிமன்றம் இரண்டு முறை விசாரித்த ஒன்றை, நாம் தேநீர்க் கடையில் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாமா?

பெற்றோர்களே, கடைசியாக ஒன்று. "மௌனம் சம்மதம்" என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. கல்யாணப் பேச்சில்கூட அது சரியான அளவுகோல் அல்ல. இந்த விஷயத்தில் அது பெரிய ஆபத்து. இசைவு என்றால், தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் அதற்கான தெளிவும் உள்ள ஒருவர் தாமாக ஒப்புக்கொள்வது என்று இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குடிபோதையில் தள்ளாடும் பெண், தூங்கும் பெண், பயந்து வாயடைத்துப் போன பெண், இவர்களுடைய மௌனம் சம்மதம் ஆகாது. மகளுக்கு "பத்திரமாக வா" என்று சொல்கிறோம். மகனிடம் "உன்னால் எந்தப் பெண்ணுக்கும் பயம் வரக் கூடாது" என்று சொல்கிறோமா?

நாளைக்குத் திடலுக்குப் புறப்படும் உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். கோல் போடக் கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர் இருக்கிறார். இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.