மருத்துவக் கருவிக் கம்பெனிப் பங்கு: வைத்திருக்கவா, விற்கவா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைப் பேச்சு நிகழ்ச்சியில், ஏ பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)

லிஃப்ட் ஓடாத நாளில் நாலாவது மாடியிலிருந்து படியிறங்கி வந்திருப்பவர்களுக்குக் ஒரு வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் கிடையாது. வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து அடுத்தவர் கணக்கைப் படித்தவன், அவ்வளவுதான். எந்தப் பங்கையும் வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நம் குடியிருப்பில் ஒருவருக்கு வந்த கேள்வியை எப்படி யோசித்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த அம்மாவின் பெயர் வேண்டாம். பேசலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கணவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அவருக்கு 2016ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறியதும், "நெஞ்சுக்குள்ளயே ஒரு கம்பெனி சாமானைச் சுமந்துக்கிட்டு அலையுதேன், அந்தத் தொழில்ல நமக்கும் ஒரு பங்கு இருந்தா என்ன?" என்று சொல்லி, ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். இன்றைக்கு அதன் மதிப்பு நாலரை லட்சம் ரூபாய். அந்த அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய், தை பிறந்ததும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் கவரோடு என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, அவுக ஆசையா வாங்குனது. வச்சிருக்கட்டுமா, வித்துரட்டுமா?"

மகன் பெங்களூரிலிருந்து விற்கக் கூடாது என்கிறான். "ஆஸ்பத்திரி இருக்கும் வரைக்கும் இந்தத் தொழில் படுக்காது" என்பது அவன் வாதம். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். வண்ணார்பேட்டையில் புதிது புதிதாக மருத்துவமனை எழும்புவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும். தொழில் வளரும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தொழில் வளர்வதும், நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த ஒரு பங்கு வளர்வதும் ஒன்றா என்பதில்தான் சந்தேகம்.

முதலில் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு விலையைச் சோப்புக் கம்பெனி வைக்கிறது. இந்தத் தொழிலில் முக்கியமான சில பொருட்களுக்கு விலை வைப்பது அரசாங்கம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவரம்பு போட்டது. அதுவரை மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை 1,21,400 ரூபாய். ஒரே இரவில் 29,600 ஆனது. மருந்து பூசாத சாதா ஸ்டென்ட் சராசரி 45,100ல் இருந்து 7,260க்கு இறங்கியது. அந்த அம்மாவின் கணவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஒரு வருசம் பொறுத்து நெஞ்சு வலிச்சிருந்தா தொண்ணூறாயிரம் மிச்சம்" என்றாராம். அந்த ஆண்டே ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு வந்தது. அதிகம் வைக்கப்படும் கோபால்ட் குரோமியம் வகை சராசரி 1,58,324ல் இருந்து 54,720 ரூபாய் ஆனது. 2021 ஜூலையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் வியாபார லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு.

நோயாளியாக நான் இதற்குக் கை தட்டினேன். இன்றைக்கும் தட்டுவேன். அந்த அம்மாவின் மூட்டுச் செலவு குறைந்ததும் இதனால்தான். ஆனால் பங்குதாரராக யோசித்தால், நீங்கள் உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் விற்பனை விலையை ஒரு அறிவிப்பு முக்கால்வாசி வெட்டிவிட முடியும். 2017ல் வெளிநாட்டுப் பெருங்கம்பெனிகள் இரண்டு, சில ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற அனுமதி கேட்டன. விலை வெட்டப்பட்டாலும் செலவைக் குறைத்துச் சமாளிக்கும் கம்பெனியும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

அடுத்தது, வாங்குவது யார்? சட்டை வாங்கினால் நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஸ்டென்ட் எது என்று டாக்டர் தேர்ந்தெடுக்கிறார், மருத்துவமனை வாங்குகிறது, காப்பீடு பணம் கட்டுகிறது. அரசு மருத்துவமனை என்றால் வேறு வழி. நம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி உட்பட தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. டெண்டரில் லாபம் மெலிது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு பணம் வரும் நாள் வேறு. டீலர் மூலம் விற்றாலும் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். இந்தத் தொழிலில் "விற்றேன்" என்பதற்கும் "பணம் வந்தது" என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. பெங்களூரில் 1992ல் தொடங்கிய ஆப்டோ சர்க்யூட்ஸ் என்ற கம்பெனி. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் சென்சார், நோயாளி பக்கத்தில் வைக்கும் மானிட்டர் இவையெல்லாம் செய்து ஏற்றுமதி செய்தது. ஜெர்மனியில் ஸ்டென்ட் செய்யும் யூரோகோரை வாங்கியது. 2008ல் அமெரிக்காவின் கிரிட்டிகேர், 2010ல் இதயம் நின்றுபோனால் மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி செய்யும் கார்டியாக் சயின்ஸ். பலமுறை போனஸ் பங்கு, நல்ல டிவிடெண்ட். லாபம் வருடா வருடம் ஏறியது. ஒரு இந்தியக் கம்பெனி அமெரிக்கக் கம்பெனியை வாங்குகிறது என்றால் நமக்கெல்லாம் பெருமைதானே? தரகர் அலுவலகங்களில் அந்தப் பெயர் ஒரு காலத்தில் மரியாதையாகச் சொல்லப்பட்டது.

2013ல் பங்கு விலை சரிந்தது. வங்கிக் கடனைக் கட்ட முடியவில்லை. கார்டியாக் சயின்ஸ் 2015ல் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. அதிக விலையில் வாங்கி, "திரும்ப ஏறும்" என்று வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது டீமேட் கணக்கில் ஒரு வரிதான்.

கருவி பொய்யா? இல்லை. சென்சார் வேலை செய்தது, மானிட்டர் வேலை செய்தது. பிரச்சினை கணக்கில் முன்பே தெரிந்தது. லாபம் ஏறிய வேகத்தில் பணம் உள்ளே வரவில்லை. வர வேண்டிய பாக்கி வீங்கிக்கொண்டே போனது. கம்பெனிகளை வாங்கக் கடன் கூடிக்கொண்டே போனது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். தினமும் பேப்பரில் பாபநாசம் அணை மட்டம் போடுகிறான். 143 அடியில் இன்றைக்கு இவ்வளவு என்று நாமும் காப்பி குடித்துக்கொண்டே படிக்கிறோம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடையில் பிசானத்துக்கு நாற்றுப் பாவி வைத்திருப்பவரைக் கேளுங்கள். அணை மட்டம் அவருக்குச் செய்தி. வாய்க்காலில் வந்த தண்ணீர்தான் நடவு. ஆண்டறிக்கையில் நிகர லாபம் என்று போடுவது அணை மட்டம். பணப்புழக்க அறிக்கை என்று பின்னால் ஒரு பக்கம் இருக்கும், அதில் 'செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம்' என்ற வரிதான் வாய்க்கால். ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து வருட ரொக்கத்தைக் கூட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் குறைந்தால் பரவாயில்லை, சரக்கு தேங்கியிருக்கும். வருடா வருடம் குறைந்தால், வங்கியில் இருந்த காலத்தில் நான் அந்த ஃபைலை மூடி வைத்துவிடுவேன்.

இன்னொரு கம்பெனியும் சொல்கிறேன், இது சோகக் கதை அல்ல. இங்கிருந்து பல பேர் இதய ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வை டிடிகே கம்பெனிதான் தயாரித்து விற்கிறது. வெளிநாட்டு வால்வை விட மிகக் குறைந்த விலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெஞ்சில் அது துடிக்கிறது. இதைக் கேட்டதும் டிடிகே ஹெல்த்கேர் பங்கு வாங்கினால் இதய வால்வில் பங்கு என்று தோன்றும். ஆனால் அதே கம்பெனி குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர் விற்கிறது, ஆணுறை விற்கிறது, பொரிக்கும் அப்பள வகை விற்கிறது. வால்வு அதில் ஒரு சிறு பகுதி. 2022ல் மருந்துப் பிரிவை 805 கோடி ரூபாய்க்கு விற்றது. அப்படி ஒரு தடவை மட்டும் வரும் பணம் சேர்ந்த வருடத்து லாபத்தை வைத்துப் பங்கு மலிவு என்று கணக்குப் போட்டால் தப்பாகப் போகும். நீங்கள் வைத்திருக்கும் கம்பெனியின் வருமானத்தில் எது எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். பெயரைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

நாட்டிலேயே மிகச் சிறந்த மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளில் ஒன்று மதுரையில் இருக்கிறது. 1992ல் தொடங்கிய ஆரோலேப். அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சேர்ந்தது. அரவிந்த் நம் திருநெல்வேலிக்கு 1988லேயே வந்துவிட்டது. இந்த அரங்கிலேயே ஐந்தாறு பேர் கண்ணில் அந்த லென்ஸ் இருக்கும். நூறு டாலருக்கு மேல் இருந்த லென்ஸை பத்து டாலருக்குக் கீழே கொண்டுவந்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். அது அறக்கட்டளை. நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஒரு பங்கு வாங்க முடியாது! நல்ல கருவி என்பதும் நல்ல முதலீடு என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அந்த அம்மாவின் கவருக்கு வருவோம். மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து வருட ரொக்கம் லாபத்தோடு ஓரளவு ஒத்துப்போனது. கடன் குறைவு. ஏற்றுமதி உண்டு, அதனால் ஒரு அரசு உத்தரவோடு கவிழ்ந்துவிடாது. மோசமான கம்பெனி இல்லை. ஆனால் விலை? ஒரு வருட லாபத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். டவுன் ரத வீதியில் வருடம் ஒரு லட்சம் லாபம் தரும் கடையை ஐம்பது லட்சம் கொடுத்து வாங்குவீர்களா? வேகமாக வளரும் என்றால் வாங்கலாம். அந்த வளர்ச்சி ஒரு காலாண்டு சறுக்கினாலும் விலை சட்டென்று இறங்கும். கம்பெனி அப்படியே இருக்கும், உங்கள் நாலரை லட்சம் மூன்று லட்சம் ஆகும்.

இங்கேதான் மகனுக்கும் எனக்கும் போனில் கொஞ்சம் வாக்குவாதம். அவன் பத்து வருடக் கணக்கு பேசினான். கணக்கு சரிதான். ஆனால் அவன் அம்மாவுக்குத் தையில் பணம் வேண்டும். மூன்று மாதத்தில் ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டிய பணம் எந்த ஒரு கம்பெனிப் பங்கிலும் இருக்கக் கூடாது, அது எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும். "நான் அனுப்புறேன் மாமா" என்றான். அனுப்புவான், நல்ல பையன். "பிள்ளைகிட்ட கை நீட்டாம, அவுக வச்சிட்டுப் போனதுல நடந்தாப் போதும்" என்று அந்த அம்மா சொன்னதும் அவனும் பேசவில்லை.

ஆபரேஷனுக்கும், அதன் பிறகு மூன்று மாதப் பிசியோதெரபிக்கும் வேண்டிய அளவு பங்குகளை விற்றார்கள். மீதியை வைத்திருக்கிறார்கள். வருடம் ஒரு முறை அந்த ரொக்க வரியைப் பார்ப்பது என்று முடிவு. வரி விஷயத்தில் ஒன்று உங்களுக்கும் உதவும். வாரிசாக வந்த பங்குக்கு, வாங்கியவர் கொடுத்த விலைதான் உங்கள் அடக்க விலை. அவர் வாங்கிய தேதியிலிருந்தே காலமும் கணக்காகும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். அவசரமில்லாத பங்கை மார்ச்சுக்கு முன் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரித்து விற்றால் இரண்டு வருடச் சலுகை கிடைக்கும்.

அந்தப் பங்குகள் அம்மா பெயருக்கு மாறவே எட்டு மாதம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நாமினி போடவில்லை. வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று தாலுகா ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் நடந்தார்கள், அந்த முழங்காலோடு. நாமினி போட்டால் பங்கு அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது, சட்ட வாரிசுகளுக்குத்தான் உரிமை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இந்த அலைச்சல் பெருமளவு குறையும்.

வரும் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் இருப்பேன். ஆண்டறிக்கை படிக்க வேண்டும் என்பவர்கள் உங்கள் கம்பெனி அறிக்கையைப் போனிலேயே இறக்கிக் கொண்டு வாருங்கள், சங்கத்துப் பிரிண்டரில் மை இல்லை. டீமேட் கணக்கு வைத்திருப்பவர்கள் நாமினி இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடுங்கள்.