அட்டையில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார்?

  

இசைப் பத்திரிகையின் அட்டை வாசகரை எப்படி இழுக்கிறது? நட்சத்திரம் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார், அந்தப் பார்வையில் மயங்கித்தான் காசை எடுக்கிறோம் என்பது என் துறை நண்பர்களின் கட்சி. இந்த அரங்கின் முன்வரிசையில் இருவர் இப்போதே நெளிகிறார்கள். தன் வாசகருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அட்டை போடும் கணக்கில்தான் கவர்ச்சி இருக்கிறது என்பது என் கட்சி.

அமெரிக்க இசைப் பத்திரிகையான 'ரோலிங் ஸ்டோன்' 1981 ஜனவரி 22 இதழை எடுத்துக்கொள்வோம். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்து வீட்டில் புகைப்படக் கலைஞர் ஆனி லெய்போவிட்ஸ் எடுத்த படம். உடம்பில் துணியில்லாத பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான், முழங்காலை மடக்கி, மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. கறுப்பு மேலாடையும் ஜீன்ஸும் அணிந்த யோகோவின் பார்வை வேறெங்கோ. பத்திரிகை கேட்டது லெனானை மட்டும். மனைவியும் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவரே. இருவரையும் ஆடையின்றி எடுக்கத்தான் லெய்போவிட்ஸ் நினைத்திருந்தார். யோகோ முழுக்க இசையாததால், அவர் உடுத்தியபடியே இருக்கட்டும் என்று விட்டார். அந்த ஏறுமாறுதான் படத்துக்கு உயிர். அன்றிரவே அந்தக் கட்டடத்து வாசலில் லெனான் சுடப்பட்டு இறந்தார்.

அட்டையில் பத்திரிகைப் பெயர் உண்டு. தலைப்பு ஒன்றுகூட இல்லை. லெனான் பெயரும் இல்லை, இறந்தார் என்ற சேதியும் இல்லை. நம்மைப் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லாத இந்த அட்டையைத்தான், முந்தைய 40 ஆண்டுகளின் தலைசிறந்த அட்டையாக அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 2005இல் தேர்ந்தெடுத்தது. பார்வைக் கட்சியார் இதற்கு என்ன சொல்வார்கள்?

துக்க இதழ் விதிவிலக்கு என்பார்கள். கேட்டுப் புளித்த பதில். 1967 நவம்பர் 9 தேதியிட்ட 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழிலும் லெனான்தான், போர்ப்படம் ஒன்றின் சிப்பாய் வேடத்தில். அங்கே கலிஃபோர்னியாவின் மாண்டரே இசைவிழாவில் திரண்ட பணம் எங்கே போனது என்ற செய்தியும் முன்பக்கத்திலேயே ஓடுகிறது. வாசகர் யாரென்று தெரியாத புதுப் பத்திரிகை பேசித்தான் ஆகவேண்டும். வாசகருக்குச் சேதி ஏற்கெனவே தெரிந்திருந்த 1981இல் பேச வேண்டிய தேவை இல்லை.

மற்றப் பத்திரிகைகளுக்கு வருவோம். பிரிட்டனின் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' 1978இல் பதின்வயதினருக்காக வந்தது. பாட்டு வரிகளை அச்சிட்டதே அதன் பலம். அங்கே நண்பர்களின் பார்வைக் கொள்கை ஓரளவு செல்லும். 1981இல் தொடங்கிய 'கெராங்!' அட்டையை ஹெவி மெட்டல் ரசிகர் அல்லாதவர் படித்தால் தலைகால் புரியாது. வாசகருக்குத் தெரிந்ததையே நம்பும் அதுவும் என் பக்கத்துச் சாட்சி. நடுவயதினரை நம்பி 1993இல் வந்த 'மோஜோ' பழைய படங்களை ஏன் நாடுகிறது என்று யாராவது ஆராயலாம். இதழோடு வந்த இலவசக் குறுந்தட்டு அட்டையின் இடத்தை எவ்வளவு பிடித்தது என்பது தனி ஆய்வு. விலை அச்சிடப்படும் மூலை, எழுத்துருக்கள், சந்தாதாரருக்குப் போகும் தனி அட்டை ஆகியவற்றையும் முனைவர் பட்ட மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.