வலி மாத்திரையும் சீனி மாத்திரையும்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்துக் கூடை இறங்கியதும் நம்மில் பலர் இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறோம். 500 மில்லிகிராம் பனடோல் என்றால், பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடாது. மீறினால் ஈரல் கெடும். டைக்ளோபினாக் வேறு ரகம். வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கு ஓடும் இரத்தத்தையும் குறைக்கும். சீனி வருத்தமும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கிறது. ஆகவே சீனி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

மெட்போமினைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டோ கிளிக்கிளசைட் குடித்துவிட்டோ வெறும் வயிற்றோடு மலைக்கு ஏறினால் சீனி இறங்கிவிடும்; வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். உடனே 3, 4 தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கிளினிக் போன நாளில் பேர் வெட்டினால், யார்தான் மருந்தெடுக்கப் போவார்? காலைச் சாப்பாட்டுக்கு நேரம், கிளினிக் நாளுக்கு முழுப் பேர்: இவை நம் கோரிக்கைகள். பேர் வெட்டப்பட்டவர்கள் கமிட்டியில் சொல்லுங்கள். சேர்ந்தே கேட்போம்.