கயிற்றின் பிடிப்பு

உராய்வு என்பது 'தேவையான தீமை' என்று முப்பதாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் கற்பித்தவன் நான். இயந்திரம் தேய்வதற்கும் எரிபொருள் வீணாவதற்கும் அதுவே காரணம் என்று எழுதிய மாணவர்க்கு முழு மதிப்பெண்ணும் அளித்திருக்கிறேன். அந்தத் தொடரிலுள்ள 'தீமை' என்னும் சொல்லை நான் பிற்காலத்தில் அழித்துவிட நேர்ந்தது. அழிக்கச் செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர். அழித்த இடம் ஒரு மரத்தடி. அச்செய்தியையும் அதனுள் அடங்கிய அறிவியலையும் இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

1994-ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் முற்றத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரமொன்று நின்றது. அதன் கிளை ஒன்று வகுப்பறையின் ஓட்டுக்கூரை மீது சாய்ந்திருந்தது. மழைக்காலத்திற்குமுன் அதனை வெட்டிவிட வேண்டும். பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மரமேறுவதில் வல்லவர் என்று ஊரார் மதித்த ஒருவரை அழைத்து வந்தேன். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். அவர் கொண்டுவந்த கயிற்றைக் கிளையிலே கட்டினார். "உங்களுக்கு ஒரு கயிறு வேண்டாமா?" என்று கேட்டேன். "கயிறு கிளைக்குத்தான் வேண்டும் ஐயா, எனக்கு எதற்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏறினார், வெட்டினார், கிளையைக் கூரையின்மேல் படாமல் இறக்கினார். பணி முடிந்தது என்று அனைவரும் நினைத்த வேளையில், இறங்கும்போது, களைத்த கால் ஈரப்பட்டையில் வழுக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அடுத்த சூன் மாதத்தில் அவர் மகன் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு முறை வீட்டிற்குச் சென்று அழைத்தேன், பயனில்லை. கட்டிலில் படுத்திருந்த அவர் என்னைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தண்டனையாயிற்று.

ஏறும்போது அன்று, இறங்கும்போதே அவர் விழுந்தார் என்பதை நீங்கள் கருத்திற் கொள்ளவேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 20 மீட்டர் உயரம் ஏறினால், அவரிடத்தே ஏறத்தாழ 13,700 ஜூல் நிலையாற்றல் சேர்கிறது. கீழே வருவதற்குள் அந்த ஆற்றல் முழுவதும் ஏதேனும் ஒரு வடிவில் வெளியேறியே தீரும். பிடிப்பின்றி விழுந்தால் அது வேகமாக மாறும். இரண்டே நொடிகளில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துடன் நிலத்தை அடைய நேரும். மெல்ல இறங்கினாலோ அதே ஆற்றல் சிறிது சிறிதாக வெப்பமாகிக் காற்றிலே கரையும். வேகமாகாமல் வெப்பமாக மாற்றித் தருவது எது? நாம் தீமை என்று எழுதிய அந்த உராய்வே.

கயிற்றின் உராய்வில் ஒரு வியப்பு உண்டு. வழவழப்பான ஓர் உருளைக் கம்பியைக் கிடையாக நிறுத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் 10 கிலோ எடையுள்ள நீர்வாளியைத் தொங்கவிடுங்கள். உராய்வுக் குணகம் 0.25 என்று கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு, மறுமுனையை ஏறத்தாழ 2 கிலோ எடைக்குரிய விசையால் பிடித்தாற் போதும். இரண்டு சுற்றுக்கு அரைக்கிலோவிலும் குறைவு. மூன்று சுற்றுக்கு 100 கிராமிலும் குறைவு, சுண்டுவிரலே போதும்! சுற்றுகள் கூட்டுத் தொடராக ஏற, பிடிப்போ பெருக்குத் தொடராக ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விதி இது. துறைமுகத்தில் ஒரே ஒரு தொழிலாளி, குறுந்தூணில் கயிற்றைச் சில சுற்றுச் சுற்றிப் பெருங்கப்பலை நிறுத்துவது இவ்விதியின் துணையாலேதான்.

1931-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புரூசிக் என்பவர் ஒரு முடிச்சை உலகுக்கு அறிமுகம் செய்தார். தடித்த கயிற்றின்மீது மெல்லிய கயிற்றைச் சில சுற்றுச் சுற்றி இடும் முடிச்சு அது. பாரம் இல்லாதபோது கையால் மேலே தள்ளலாம். பாரம் விழுந்ததும் இறுகப் பற்றிக்கொள்ளும். மரமேறுவோரும் இவ்வகை முடிச்சுகளை மேற்கொண்டனர். அவர்கள் கயிற்றைக் கிளையின் மேலாகப் போட்டு, இரு பக்கமும் தம்மோடு இணைத்துக் கொண்டனர். அம்முறையில் உடலின் எடையில் ஏறத்தாழ பாதியே முடிச்சின்மேல் விழும். ஆனால், ஒற்றைக் கயிற்றை ஓரிடத்தில் நிலையாகக் கட்டி, அதன்மேல் ஏறும் முறையில் எடை முழுவதையும் முடிச்சே தாங்கவேண்டும். ஏறுவதற்கு அம்முறை எளிது. இறங்கும்போதோ, இறுகிய முடிச்சு அசைய மறுக்கும். வலிந்து அசைத்தால் திடீரென வழுகும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு விடையை என் பழைய மாணவர் 2019-ஆம் ஆண்டில் என் கையில் வைத்தார். சிங்கப்பூரில் மரம் பேணும் தொழில் பயின்றவர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். 1994-இல் அவரும் அந்த முற்றத்தில் நின்றவர். அதே மரத்தடிக்கு என்னை அழைத்துச் சென்று, சிறு எடைப்பை கட்டிய மெல்லிய நூலைக் கிளைக்குமேல் எறிந்து, அதன்வழியே கயிற்றை ஏற்றினார். பின்பு, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கருவியைக் காட்டினார். 'ரோப் ரெஞ்ச்' என்பது அதன் பெயர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க மரத்தொழிலாளர் கெவின் பிங்காம் அமைத்தது.

அதன் இயக்கம் மிக எளிது. முடிச்சுக்குச் சற்று மேலே, கயிற்றிலேயே அது அமர்ந்திருக்கும். விறைப்பான ஒரு சிறு பட்டையால் ஏறுபவரோடு இணைந்திருக்கும். ஏறும்போது பாரமின்றி நிமிர்ந்து நிற்பதால் கயிறு தடையின்றி ஓடும். ஏறுபவர் தம் எடையைச் சாய்த்ததும் கருவி சாயும். கயிறு அதனுள் வளைந்து உராயும். எடையின் ஒரு பகுதியை அவ்வுராய்வு ஏற்றுக்கொள்ள, எஞ்சியதே முடிச்சுக்கு வரும். இனி முடிச்சு விரலழுத்தத்துக்கு இணங்கும். கையை எடுத்தால் உடனே பற்றி நிறுத்தும். ஆயினும், கருவி தனித்து நின்று எவரையும் தாங்காது. தாங்குவது முடிச்சு, துணை நிற்பதே கருவி.

மேலும் இரண்டு எச்சரிக்கைகளை அவர் கூறினார். கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறுபக்கத்தில் ஏறினால், கிளையின் மீது ஏறத்தாழ இருமடங்கு எடை விழும். 80 கிலோ மனிதரைத் தாங்கும் கிளை 160 கிலோவைத் தாங்க வேண்டும். ஆகையால் ஏறுமுன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் கிளையைச் சோதிப்பர். மற்றொன்று, விரைந்து இறங்கலாகாது. வெப்பம் வெளியேறக் காலம் வேண்டும்; இன்றேல் இழைக்கயிற்றின் மேற்பரப்பு உருகிப் பழுதாகும்.

சொல்லி முடித்து ஏறினார். உச்சியிலிருந்து இறங்கும்போது, 1994-இல் கால் வழுக்கிய அதே கவட்டின் அருகே, கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்று காட்டினார். "இப்போது விழமாட்டேன் ஐயா" என்றார். நான் விடை கூறவில்லை, கூற இயலவில்லை.

மாணவர்களே, இவ்வுரையைக் கேட்டு நீங்கள் கயிற்றோடு மரத்தை நாடவேண்டா. அது பயிற்சி பெற்றவரிடம் நேரிற் கற்கவேண்டிய தொழில். வாளியையும் கம்பியையும் கொண்டு, தரையிலேயே சோதனை செய்து பாருங்கள். நாளை நீங்கள் பொறியாளராகவோ, அலுவலராகவோ, என்னைப்போல் ஆசிரியராகவோ ஆவீர்கள். எவரையேனும் உயரத்திற்கு அனுப்பும் பொறுப்பு உங்கள் கைக்கும் வரும். அன்று அவர் "எனக்குக் கயிறு எதற்கு?" என்று கேட்டுச் சிரிக்கக்கூடும். நீங்கள் உடன் சிரிக்காதீர்கள். எவ்வாறு இறங்குவார் என்று கேளுங்கள். விடை கிடைத்த பின்னரே ஏறவிடுங்கள்.